மல்லிகை என்று போட்டிருக்கிறது, மல்லிகை வாசம் இல்லையே?

கேள்வியை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்க வருபவர்களுக்கும் உதவும். துபாயிலிருந்து வந்த அண்ணி ஒரு சென்ட் பாட்டில் கொடுத்திருக்கிறார். பெட்டியில் ‘மாடர்ன் மினிமலிஸ்ட் ஃப்ளோரல்’ என்றும், கீழே மல்லிகை, பியோனி, ஒயிட் மஸ்க் என்றும் அச்சிட்டிருக்கிறது. அடித்துப் பார்த்தால் மல்லிகை வரவில்லை. சலவைத் துணி வாசம்தான் வருகிறது, அதுவும் அரை மணி நேரத்தில் காணாமல் போய்விடுகிறது. விலையோ 8,000 ரூபாய்க்கு மேல். இது டூப்ளிகேட்டா, இல்லை இந்த வகையே இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது டூப்ளிகேட் சந்தேகம் இல்லை என்று நினைக்கிறேன். ஒன்றுமே இல்லாததற்கு மினிமலிசம் என்று பேர் வைத்து விற்கிறார்களோ என்பதுதான். அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் வாசனைக் கலவை தயாரிக்கும் நிறுவனங்களில் மதிப்பீட்டுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். பெர்ஃப்யூமர் கிடையாது. அவர்கள் கலந்து அனுப்புவதை முகர்ந்து பார்த்து, இது சோப்பில் தாங்கும், இது ஊதுபத்தியில் எரிந்தால் கருகல் நெடி வரும், இதில் பூ போதவில்லை என்று சொல்கிற வேலை. உங்கள் பாட்டிலை நான் முகர்ந்ததில்லை, பிராண்டின் பெயரையும் நீங்கள் எழுதவில்லை. அதனால் அந்த ஒரு பாட்டிலுக்குத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. அது எந்த வம்சத்தைச் சேர்ந்தது, அந்த வம்சத்தில் நல்லது எது, ஏமாற்று எது என்பதைச் சொல்ல முடியும்.

டூப்ளிகேட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பெட்டியின் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணும் பாட்டிலின் அடியில் இருப்பதும் ஒன்றுதானா, ஸ்ப்ரே மூக்கைச் சுற்றிய உலோகப் பட்டை ஆடாமல் இறுகியிருக்கிறதா, அச்சில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் போலியாக இருக்கலாம். ஆனால் வாசம் மெலிதாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். என் கைக்கு வந்த போலிகள் எல்லாம் எதிர்த்திசையில் போனவை. ஆல்கஹால் நெடியும் சர்க்கரைத் தித்திப்புமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றவை. மெலிதாகப் போலி செய்வது கொஞ்சம் கஷ்டம்.

அடுத்து அந்தப் பூக்களின் பட்டியல். அது ஃபார்முலா இல்லை, விளம்பரம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சென்ட்டுகளில் வரும் பியோனி, பூவிலிருந்து எடுத்ததில்லை. பரிசோதனைக் கூடத்தில் கட்டி எழுப்பியது. லில்லி ஆஃப் தி வேலி என்ற குட்டி வெள்ளை மணிப்பூவும் அப்படியே, அந்தப் பூ தன் வாசத்தை யாருக்கும் எண்ணெயாகக் கொடுப்பதில்லை. ஒயிட் மஸ்க் என்பது செயற்கைக் கஸ்தூரி மூலக்கூறுகளுக்கான பொதுப்பெயர், மானுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இன்னும் வேடிக்கை, 2017-ல் கூச்சி நிறுவனம் ‘ப்ளூம்’ என்ற சென்ட்டை வெளியிட்டபோது மூன்றே பூக்களைச் சொன்னது: சம்பங்கி, மல்லிகை, ரங்கூன் மல்லி. மூன்றாவது ஏதோ தென்னிந்தியாவில் கண்டெடுத்த அபூர்வப் பூ என்பது போல அறிமுகம் செய்தார்கள். நம் தெருக்களில் காம்பவுண்டுச் சுவர் மேல் படர்ந்து, சாயங்காலம் வெள்ளையாகப் பூத்து, மறுநாள் சிவந்து தொங்குகிற அதே கொடிதான். பட்டியலில் மூன்று பூ இருந்தால் உள்ளே மூன்று பொருள் இருக்கிறது என்று அர்த்தமில்லை, முப்பதும் இருக்கலாம். மினிமலிசம் என்பது பெட்டியில் எத்தனை பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்ததே இல்லை.

அப்படியானால் மல்லிகை எங்கே போனது? இதைப் புரிந்துகொள்ள மல்லிகைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் தலையில் வைக்கும் குண்டுமல்லி ஜாஸ்மினம் சாம்பக் என்ற இனம். பிச்சி அல்லது ஜாதிமல்லி என்பது ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். உலகத்துப் பெரிய சென்ட்டுகளுக்குப் போகும் மல்லிகைச் சாற்றில் கணிசமான பகுதி தமிழ்நாட்டில் எடுத்தது. சத்தியமங்கலம், கோவை, திண்டுக்கல், மதுரைப் பக்கத்து ஆலைகளில் பூவை ஹெக்சேன் என்ற கரைப்பானில் கழுவி எடுத்து மெழுகுபோல ‘கான்க்ரீட்’ செய்கிறார்கள், அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகை நீக்கினால் ‘அப்சல்யூட்’. பிச்சியை விடியும் நேரத்தில் பறித்துச் சீக்கிரம் ஆலையில் சேர்த்துவிட வேண்டும். குண்டுமல்லியை மொட்டாகவே பறித்து ஆலையில் பரப்பி வைப்பார்கள், அது இருட்டிய பிறகு மலர்ந்ததும்தான் தொட்டியில் இறக்குவார்கள், மொட்டில் வாசம் இல்லை. சுமார் 1,000 கிலோ பிச்சிப் பூவுக்கு 3 கிலோ அளவில்தான் கான்க்ரீட் நிற்கும், அதில் அப்சல்யூட்டாகத் தேறுவது பாதிக்குச் சற்று மேல். அப்சல்யூட் விலை கிலோவுக்கு லட்சங்களில் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

அந்தச் சாற்றில் பழவாசம் தரும் பென்சைல் அசிட்டேட், லேசான லினலூல், இலைப்பச்சையும் மசாலாவும் கலந்த சிஸ்-ஜாஸ்மோன், குண்டுமல்லியில் கூடுதலாக ஆரஞ்சுப்பூச் சாயல் கொண்ட மெத்தில் ஆந்த்ரனிலேட், இவற்றோடு இண்டோல் என்று ஒரு சரக்கும் இருக்கிறது. தனியாக முகர்ந்தால் அந்துருண்டை நெடி அடிக்கும். அளவு கூடினால் அழுகல், மலம் வரைக்கும் போகும். இந்த இண்டோல் சிறிதளவு இருப்பதால்தான் கல்யாண மண்டபத்தில் இரவு ஒன்பது மணி மல்லிகைச் சரம் கிறங்க வைக்கிறது. மறுநாள் காலை தலையணையில் வாடிக் கிடக்கும்போது அதே சரம் கொஞ்சம் குமட்டுவதற்கும் பங்கு அதற்கே. கிறக்கமும் குமட்டலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அது இல்லாத மல்லிகை உயிருள்ள மல்லிகையாக நிற்காது.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க மாட்டோம், இரண்டு ஸ்ட்ரிப் கொடுத்துவிடுவோம். ஸ்ட்ரிப் என்றால் முகர்ந்து பார்ப்பதற்கான நீளக் காகிதத் துண்டு. நான்கு பொருளில் ஒரு எளிய மல்லிகைக் கலவை செய்து முதல் துண்டில் தோய்ப்பது. அதே கலவையில், நீர்க்கச் செய்த இண்டோலை ஒரு சொட்டுச் சேர்த்து இரண்டாவதில் தோய்ப்பது. உடனே முகர்ந்தால் இரண்டாவது துண்டை முகம் சுளித்துத் தள்ளி வைப்பார்கள், பழைய பீரோவைத் திறந்தாற்போல இருக்கும். பத்து நிமிடம் விட்டு மறுபடி எடுத்தால் அந்த நெடி அடங்கி, பூ நிமிர்ந்து நிற்கும். இதழின் தடிப்பு கூடத் தெரிகிற மாதிரி ஒரு கனம் வந்துவிடும். முதல் துண்டு அதே பத்து நிமிடத்தில் சுத்தமான, இனிப்பான, தட்டையான ஒரு வெள்ளை வாசமாகவே இருக்கும். எது மல்லிகை என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் இரண்டாவதைக் காட்டுவார்கள். எதைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போவீர்கள் என்று கேட்டால் கை முதல் துண்டுக்குப் போகும். உங்கள் பாட்டில் அந்தக் கையின் பக்கம் நிற்கிறது. அதில் மல்லிகையின் இரவுப் பகுதியை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள், அது தவறிப்போய் விடுபட்டதில்லை.

எடுத்துவிட்ட இடத்தில் என்ன வைத்தார்கள் என்பதுதான் இந்த வகையின் உயிர்நாடி. பெரும்பாலும் ஹெடியோன். வேதிப்பெயர் மெத்தில் டைஹைட்ரோஜாஸ்மோனேட். ஜெனிவாவின் ஃபிர்மெனிஷ் நிறுவனத்தில் எதுவார் தெமோல் என்ற வேதியியலாளர் மல்லிகைச் சாற்றை ஆராய்ந்த வேலையிலிருந்து வந்தது. இதை ஸ்ட்ரிப்பில் தோய்த்து மூக்கருகே கொண்டுபோனால் முதலில் வெறும் காகிதத்தைக் கொடுத்துவிட்டார்களோ என்று தோன்றும். மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் டீ குடித்து வந்தால் அறையில் எலுமிச்சைத் தோல், ஈரக்காற்று, எங்கோ தள்ளி மல்லிகைத் தோட்டம் இருப்பது போன்ற ஒரு சாயல், இப்படி ஏதோ பரவியிருக்கும். கிட்டத்தில் தெரியாது, எட்டத்தில் தெரியும். மற்றப் பூப்பொருள்களோடு சேர்த்தால் அவற்றை உரக்கப் பேசவைக்காது, நடுவே காற்றுப் புகவிடும். 1966-ல் எட்மோன் ரூட்னிட்ஸ்கா டியோர் நிறுவனத்துக்காகச் செய்த ‘ஓ சோவாஜ்’ என்ற ஆண்கள் சென்ட்டில்தான் இது முதலில் பெயர் வாங்கியது. அங்கே அளவு ஏதோ இரண்டு சதவீதம் சுமார். இன்றைய மெலிதான பூ சென்ட்டுகளில் கலவையின் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ இதுவே இருப்பது சர்வ சாதாரணம். கிலோ விலை சில ஆயிரம் ரூபாய்தான் என்பதையும் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், அந்தக் கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

ரூட்னிட்ஸ்காவை வெறுமனே கடந்துபோக மனமில்லை. 1956-லேயே அவர் ‘டியோரிசிமோ’ செய்திருந்தார், சாறே கொடுக்காத லில்லி ஆஃப் தி வேலியின் வாசத்தை. தெற்கு பிரான்சில் கப்ரி என்ற ஊரில் தன் தோட்டத்தில் அந்தப் பூவை வளர்த்து முகர்ந்து பார்த்துக் கட்டியது. அவருடைய காலத்துச் சென்ட்டுகள் தித்திப்பும் கனமுமாக அடுக்கிக்கொண்டே போனபோது ஃபார்முலாவைக் குறுக்க வேண்டும் என்று விடாப்பிடியாகச் சொன்னவர். அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர் ழான்-குளோத் எலெனா, சென்ட் தொழிலின் தலைநகரான கிராஸ் ஊர்க்காரர். 1976-ல் வான் கிளீஃப் அன்ட் ஆர்பெல்ஸுக்கு அவர் செய்த ‘ஃபர்ஸ்ட்’ பழைய பாணியில் நிறைந்து வழிகிற பூச்செண்டு. 1992-ல் புல்கரிக்குச் செய்த பச்சைத் தேநீர் சென்ட்டில் ஆள் மாறிவிட்டார். தேநீரின் ஆவி போன்ற அந்த வாசத்தின் முதுகெலும்பு ஹெடியோனும், வயலட் பூ வாசம் தரும் அயனோனும்தான். 2004-ல் எர்மேஸ் நிறுவனத்தின் சொந்த பெர்ஃப்யூமர் ஆன பிறகு அவருடைய பொருள் அலமாரியே சுருங்கிவிட்டது. மற்றவர்கள் ஆயிரத்துக்கு மேல் வைத்துக்கொண்டிருக்க, அவர் ஏறத்தாழ 200 பொருளோடு வேலை செய்பவர் என்று பேர்.

உங்கள் வகைக்கு ஒரு நல்ல உதாரணம் காட்டச் சொன்னால் அதே 2004-ல் எர்மேஸுக்கு அவர் செய்த ‘ரோஸ் இக்கெபானா’வைத்தான் காட்டுவேன். அதில் ரோஜா இருக்கிறது, ஆனால் குல்கந்து ரோஜா இல்லை, பன்னீர் ரோஜாவும் இல்லை. முதலில் வருவது கிரேப்ஃப்ரூட்டின் கசப்பும் ருபார்ப் என்ற தண்டின் பல் கூசும் புளிப்பும். அந்தப் புளிப்புக்குப் பின்னால்தான் ரோஜா எட்டிப்பார்க்கிறது, இதழாக இல்லாமல் நறுக்கிய காம்பிலிருந்து வரும் ஈரமாக. ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்தாலும் அதே கசப்பு, அதே ஈரம், குரல் மட்டும் இறங்கியிருக்கும். பூவை நேரே காட்டாமல் அதன் பக்கத்தில் இருப்பதைக் காட்டிப் பூவை நினைக்கவைக்கிற வேலை. கசப்பு மட்டும் இல்லையென்றால் அது வெறும் ஷாம்பூ வாசமாகச் சரிந்திருக்கும். நல்ல மினிமலிஸ்ட் பூ சென்ட் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு முடிச்சு இருக்கும்: ஒரு கசப்பு, ஒரு உப்பு, ஒரு உலோகக் குளிர்ச்சி, ஏதோ ஒன்று. முகர்பவர் ஒரு கணம் நின்று என்ன இது என்று யோசிக்க வேண்டும். அந்த முடிச்சு இல்லாததுதான் நீங்கள் சந்தேகப்படுகிற வெறுமை.

இதைத்தான் ரசத்தை வைத்துச் சொல்வேன். சட்டியில் மேலாகத் தெளிந்து நிற்கும் ரசமும், விருந்தாளி வந்துவிட்டார் என்று வெந்நீர் ஊற்றி நீட்டிய ரசமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். வாயில் வைத்தால் தெரிந்துவிடும். தெளிவு ரசத்தில் மிளகு, சீரகம், புளி எல்லாம் இருக்கிறது, வண்டல் மட்டும் இல்லை. எண்பதுகளின் கனமான சென்ட்டுகளோடு ஒப்பிட்டு எல்லா மெலிதான சென்ட்டையும் நீட்டிய ரசம் என்று ஒதுக்குவது தவறு. விளம்பரத்தில் மினிமலிசம் என்று எழுதியிருப்பதால் எல்லாவற்றையும் தெளிவு ரசம் என்று நம்புவதும் தவறு.

இந்த பாணி ஏன் இவ்வளவு பரவியது என்பதற்குக் காரணம் ஒன்று கிடையாது. எண்பதுகளில் ஜியோர்ஜியோ பெவர்லி ஹில்ஸ், 1985-ல் வந்த டியோரின் பாய்சன் போன்றவை லிஃப்டில் ஆள் இறங்கிப்போன பிறகும் அங்கேயே நிற்கும். அந்தச் சத்தத்துக்கு எதிர்வினையாகத் தொண்ணூறுகளில் எல்லாம் நீராகவும் காற்றாகவும் மாறியது. 1992-ன் ‘லோ திஸ்ஸே’ சென்ட்டுக்கு, ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே தண்ணீர் போன்ற வாசம் வேண்டும் என்று கேட்டதாகச் சொல்வார்கள். ழாக் கவாலியே அதைச் செய்தார். இரண்டு வருடத்தில் ‘சிகே ஒன்’ வந்து, ஆணும் பெண்ணும் ஒரே சுத்தமான வாசத்தைப் பூசிக்கொள்ளலாம் என்றது. இன்னொரு பக்கம் ஒவ்வாமைக் கட்டுப்பாடுகள். ஐரோப்பாவில் ஓக் மரப்பாசிச் சாறுக்குக் கடிவாளம் விழுந்தது, லில்லி வாசத்தைத் தாங்கிய லைரல் போனது, 2022 மார்ச்சில் அதே வாசத்துக்கான லிலியலும் தடையாயிற்று. பழைய பூக்கட்டிடங்களின் தூண்கள் இவை. மூன்றாவது காரணத்தைக் கம்பெனிக்காரர்கள் மேடையில் சொல்ல மாட்டார்கள்: பணம். மல்லிகை அப்சல்யூட் லட்சங்களில், ஹெடியோன் ஆயிரங்களில். இரண்டையும் ஒரே விலைக்கு விற்க முடியுமென்றால் கணக்குப்பிள்ளைக்கு எது பிடிக்கும்? அதற்காக ஹெடியோன் மட்டமான சரக்கு என்று நான் சொல்லவில்லை. சென்ட்டின் விலையில் உள்ளே இருக்கும் வாசனைச் சரக்கின் பங்கு எப்போதுமே சிறியது, கனமான சென்ட்டிலும் அப்படியே. பாட்டில், விளம்பரம், கடை வாடகை, நடிகையின் சம்பளம் எல்லாம்தான் அந்த 8,000.

இனி அரை மணி நேரத்தில் காணாமல் போவது. இதில் பாதி சென்ட்டின் குணம், பாதி உங்கள் மூக்கின் குணம். பழைய பாணிச் சென்ட் மூன்று கட்டமாக மாறும். எலுமிச்சை வகைகள் முதலில், பூ நடுவில், மரமும் பிசினும் கஸ்தூரியும் கடைசியில். மாற்றம் இருப்பதால் மூக்கு ஒவ்வொரு கட்டத்திலும் விழித்துக்கொள்ளும். மினிமலிஸ்ட் சென்ட் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஏறத்தாழ ஒரே வாசத்தில் நிற்கும்படி கட்டப்பட்டது. மாறாத எதையும் மூக்கு கொஞ்ச நேரத்தில் கணக்கிலிருந்து நீக்கிவிடும். சொந்த வீட்டு வாசம் நமக்குத் தெரியாததும் இதனால்தான். போதாக்குறைக்கு அடியில் இருக்கும் செயற்கைக் கஸ்தூரிகள் பெரிய மூலக்கூறுகள், மெதுவாகத்தான் ஆவியாகும். அவற்றில் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது. நோயெல்லாம் இல்லை, பிறவி அமைப்பு. எங்கள் மேசையிலேயே ஒருவர் காலக்சோலைடு என்ற கஸ்தூரியை நன்றாகப் பிடிப்பார், இன்னொரு கஸ்தூரியைக் கொடுத்தால் வெறும் ஆல்கஹால் என்பார். வாசனை நிபுணர்களுக்கே இந்த ஓட்டை உண்டு. ஐசோ ஈ சூப்பர் என்ற மரவாசப் பொருளும் இதே விளையாட்டுக் காட்டும், வரும், போகும், திரும்ப வரும். 2006-ல் கெசா ஷோன் என்ற பெர்ஃப்யூமர் அந்த ஒற்றைப் பொருளையே ஆல்கஹாலில் கரைத்து ‘மாலிக்யூல் 01’ என்று விற்று வெற்றியும் பெற்றார். போட்டவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் என்ன வாசம் இது என்று கேட்பார்.

அதனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். காலையில் வெள்ளைக் காட்டன் கைக்குட்டையில் இரண்டு அடி அடித்து, ஒரு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். மதியம் வெளியிலிருந்து நேராக அந்த அறைக்குள் வாருங்கள். கூடவே வீட்டில் இருக்கும் வேறு யாரையாவது, முன்கூட்டியே எதுவும் சொல்லாமல் முகரச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியவில்லை என்றால் பிரச்சினை சென்ட்டில் இல்லை. இருவருக்குமே தெரியவில்லை என்றால் நீட்டிய ரசம் என்ற சந்தேகத்துக்கு இடம் உண்டு. தோலில் அடிப்பதாக இருந்தால் நம் வெயிலில் மணிக்கட்டு மோசமான இடம், வியர்வையும் கை கழுவுவதும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் துடைத்துவிடும். முழங்கை மடிப்பிலோ துப்பட்டாவின் உள்பக்கத்திலோ அடிக்கலாம், பட்டில் மட்டும் வேண்டாம், கறை விழும். மணிக்கட்டுகளைத் தேய்த்தால் மூலக்கூறு உடைந்துவிடும் என்று வீடியோக்களில் சொல்வது கதை. தேய்த்தால் சூடாகி எலுமிச்சைப் பகுதி சீக்கிரம் பறக்கும், அவ்வளவுதான்.

உறுதியாகத் தெரியாத சங்கதிகள் சிலவற்றையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் இவற்றைத்தான் அதிகம் சொல்வார்கள். ஹெடியோன் கலந்தது மனிதர்களை ஈர்க்கும் ஃபெரமோன் என்பார்கள். 2015-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஹெடியோனை முகர்ந்தபோது ஹார்மோன்களோடு தொடர்புள்ள ஒரு மூளைப் பகுதி, குறிப்பாகப் பெண்களிடம், கூடுதலாகச் செயல்பட்டது என்று கண்டார்கள். அது மூளை ஸ்கேனில் கண்ட ஒரு விளைவு. அதிலிருந்து யாரும் யாரிடமும் மயங்கிவிடுவார்கள் என்று தாவ இடமில்லை. ‘உங்கள் தோலின் கெமிஸ்ட்ரிக்கு ஏற்ப மாறும்’ என்பதிலும் உண்மை கொஞ்சம்தான். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் வாசம் அதிக நேரம் நிற்கும், வறண்ட தோலில் சீக்கிரம் போகும், சூடு கூடினால் வேகம் கூடும். ஒருவரிடம் ரோஜாவாகவும் இன்னொருவரிடம் மல்லிகையாகவும் மாறுகிற சென்ட்டை நான் பார்த்ததில்லை. ‘சுத்தமான, இயற்கையான’ என்ற சொற்களை இந்த வகைக்குப் போட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். மினிமலிஸ்ட் பூ சென்ட் பெரும்பாலும் செயற்கைப் பொருளை நம்பி நிற்பது, அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

என் சொந்த அபிப்பிராயத்தையும் கேட்டால், இந்த வகை எனக்குப் பிடிக்கும், ஆனால் பத்தில் ஏழெட்டு சலிப்பூட்டும். சலிப்பூட்டுபவை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: எடுப்பில் பேரிக்காய், நடுவில் பியோனி, அடியில் வெள்ளைக் கஸ்தூரி, எங்கும் முடிச்சு இல்லை. பேரிக்காய்-பியோனி-கஸ்தூரி என்ற இந்தக் கூட்டணி இப்போது துணி கண்டிஷனரிலும் ஷாம்பூவிலும் இருக்கிறது. சென்ட்டிலிருந்து சலவைக்கு இறங்கியது பாதி, சலவையிலிருந்து சென்ட்டுக்கு ஏறியது பாதி. உங்களுக்குச் சலவைத் துணி நினைவு வந்தது மூக்கின் குற்றமே இல்லை, இரண்டிலும் அதே கஸ்தூரிகள்தான் இருக்கின்றன. தலையில் வைத்த சரத்தின் வாசம்தான் வேண்டும் என்றால் இந்த வகையிலேயே தேடாதீர்கள். சாம்பக் அப்சல்யூட் உள்ள சென்ட்டோ நல்ல மல்லிகை அத்தரோ பாருங்கள், கூடவே ஒரு சொட்டு அந்துருண்டையையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருங்கள்.

கடைசியாக, பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வாமை தரக்கூடியவை என்று ஐரோப்பா அடையாளம் கண்ட பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிடுவது அங்கே கட்டாயம்; பூப் பட்டியலைவிட அது நம்பகமானது. ஹைட்ராக்சிசிட்ரோனெல்லால் இருந்தால் உள்ளே லில்லி போன்ற கட்டுமானம் இருக்கிறது. ஹெக்சைல் சின்னமால், பென்சைல் சாலிசிலேட் இரண்டும் சேர்ந்து வந்தால் மல்லிகை முயற்சி ஏதோ நடந்திருக்கிறது. சிட்ரோனெல்லோலும் ஜெரானியோலும் ரோஜாப் பக்கம். பியூட்டைல்ஃபினைல் மெத்தில்ப்ரோபியோனால் என்ற நீளப்பெயர் கண்ணில் பட்டால் அது லிலியல், அதாவது ஐரோப்பியத் தடைக்கு முந்தைய பழைய சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தால் வாசம் மெலிந்திருப்பதற்கு வயதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹெடியோன் இந்தப் பட்டியலில் வராது, எனவே அதைத் தேடாதீர்கள். பிராண்டின் பெயரோடு அந்தப் பட்டியலையும் கைக்குட்டைச் சோதனையின் முடிவையும் இங்கே எழுதினால், உங்கள் பாட்டிலைப் பற்றி இதைவிடக் குறிப்பாகச் சொல்ல முடியும்.